மீன் தொட்டிக்குப் போன கல்லறை மணல்

தொண்ணூறுகளின் நடுவில், பாறசாலைக்கும் அமரவிளைக்கும் இடையில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு வாடகை வீட்டில் நானும் என் மனைவியும் இரண்டு ஏஞ்சல் மீன்களும் குடியிருந்தோம். மீன்கள் கடைசியாக வந்து சேர்ந்தவை. மச்சினன் வளைகுடாவுக்கு வேலைக்குப் புறப்பட்டபோது தன்னுடைய கண்ணாடித் தொட்டியையும் அதிலிருந்த ஜோடியையும் அக்காவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். தொட்டியை ஜீப்பில் ஏற்றுவதற்கு வசதியாக அடியில் கிடந்த மணலைத் தன் வீட்டுத் தென்னை மூட்டில் கொட்டிவிட்டான். "மணல் எங்க கெடச்சாலும் மணல்தானே" என்பது விமானம் ஏறுமுன் அவன் சொன்ன கடைசி ஆலோசனை.

அது அப்படி இல்லை என்பதைத் தெரிந்துகொள்ள எங்களுக்குக் கொஞ்சநாள் ஆனது.

அடியில் மணல் இல்லாவிட்டால் மீன் கண்ணாடியில் தன்னையே பார்த்துப் பயந்து இரை எடுக்காது என்று நெய்யாற்றின்கரையில் மீன் விற்கும் கடைக்காரர் என் மனைவியிடம் சொல்லியிருந்தார். அவரிடமே சிவப்பும் நீலமுமாகச் சாயம் ஏற்றிய கற்கள் இருந்தன. "கல்யாண வீட்டு சீரியல் பல்பு மாதிரி இருக்கு" என்று அவள் வேண்டாம் என்றுவிட்டாள். மணல்தான் வேண்டும், அதுவும் வெள்ளையாக வேண்டும். ஏஞ்சல் மீனின் கறுப்புப் பட்டை வெள்ளைக்கு மேல்தான் எடுப்பாகத் தெரியும் என்பது அவள் முடிவு. அந்த மணல் கிடைக்கும் வரை மீன்கள் அலுமினியச் சருவம் என்கிற ஒரு வாயகன்ற பாத்திரத்தில் கிடந்தன. ஏஞ்சல் மீன் தட்டையானது. பக்கத்திலிருந்து பார்த்தால் முக்கோணமாக, செட்டையை விரித்துக்கொண்டு அழகாக இருக்கும். சருவத்தில் மேலிருந்து பார்க்கும்போது தண்ணீரில் இரண்டு கோடுகள் மட்டும் தெரியும். எங்களைப் பார்க்க வந்தவர்கள் குனிந்து பார்த்துவிட்டு, "மீன் எங்க?" என்று கேட்டார்கள்.

சருவம் எங்களுடையது அல்ல. எங்கள் வீட்டுக்குப் பின்னால், சைக்கிள் மட்டும் போகக்கூடிய ஒரு இடவழிக்குள் இருந்த வீட்டில், அண்ணி முறையில் நாங்கள் மைனி என்று கூப்பிடும் பெண் கொடுத்தது. மைனியின் கணவர் ஜங்ஷனில் குடையும் பையும் விற்கிற கடை வைத்திருந்தார். அவருக்கு ஒரு அண்ணன் உண்டு. அதனால் கதையில் தம்பியை இளையவர் என்றும் அண்ணனை மூத்தவர் என்றும் சொல்கிறேன்.

இளையவரும் மூத்தவரும் அவர்களுடைய அம்மா இறந்த வருஷத்திலிருந்து பேசுவதில்லை. காரணம் என்ன என்று இரண்டு தரப்பையும் விசாரித்திருக்கிறேன். நாகர்கோவிலிலிருந்து வரும் ஒரு தமிழ் நாளிதழுக்கு எல்லைப்பகுதிச் செய்தி அனுப்புவது அப்போது என் வேலை. கேள்வி கேட்பது பழக்கமாகிவிட்டது. மூத்தவர் ஒரு நடைபாதையைச் சொன்னார், இளையவர் அயினிச் சக்கை என்கிற ஒரு காட்டுப்பலா மரத்தைச் சொன்னார். இரண்டும் வேறு வேறு இடத்தில் இருந்தன.

இருவருக்கும் மிச்சமிருந்த ஒரே பொதுச் சொத்து அம்மாவின் கல்லறை. அந்தப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு முன்னால் கல்லறையைச் செதுக்கிச் சுத்தம்செய்து, மேலே புதுமணல் விரித்து, பூவும் மெழுகுதிரியும் வைப்பார்கள். மாலையில் அச்சன், அதாவது பங்குச் சாமியார், வந்து ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். இந்த இரண்டு பேரும் அம்மாவின் கல்லறையை நீளவாக்கில் பாதியாகப் பிரித்திருந்தார்கள். வலது பாதியில் மூத்தவரின் மணல், இடது பாதியில் இளையவரின் மணல். நடுவில் ஒரு நீளக் கம்பை வைத்து இரு பக்கமும் விரித்துவிட்டு, கம்பை உருவிவிடுவார்கள். எல்லை அப்படியே நிற்கும். மூத்தவர் பூவார் கடற்கரையிலிருந்து மணல் கொண்டுவருவார். மீன்கள் எங்களிடம் வந்ததற்கு முந்தின வருஷம் இளையவர் ஆற்றுமணல் விரித்திருந்தார். அருகருகே வைத்துப் பார்த்தபோது அம்மாவின் இடது பாதி வெயில் பட்டுக் கறுத்ததுபோல இருந்தது. கல்லறைத் தோட்டத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை. எல்லோரும் பார்த்துவிட்டுப் போனார்கள். அது போதுமே.

"இந்த வருசம் பாக்கணும் சாரே" என்று இளையவர் ஓணம் முடிந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். "சேர்த்தலையில ஒரு மணல் உண்டு. பஞ்சாரை மாதிரி. லாரிக்காரன்கிட்ட சொல்லியாச்சு. அண்ணனுக்க பூவார் மணல் அதுக்கு முன்ன நிக்காது."

பஞ்சாரை என்றால் சர்க்கரை. இரண்டு வீட்டிலும் அந்த வருஷம் ஒரே தேடல் நடந்துகொண்டிருந்தது என்பதை நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் தேடல் ஆற்றுமணலில் தொடங்கியது. பக்கத்தில் வீடு கட்டும் ஒருவரிடம் கேட்டு ஒரு வாளி வாங்கி வந்தேன். கைக்கு நன்றாகத்தான் இருந்தது. தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் பழுப்பாகக் கலங்கியது. தெளியும் என்று காத்திருந்தோம். மறுநாளும் அதே நிறம். மனைவி கண்ணாடியில் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இது மீன் தொட்டியா, சாயாக்கடையா?" என்று கேட்டாள். நான் மணலைக் கழுவவில்லை. மணலைக் கழுவ வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்தது கடல்மணல். கோட்டுகாலில் ஒரு பஞ்சாயத்துக் கூட்டத்துக்குப் போன நாளில், திரும்பும்போது கடற்கரைக்கு நடந்துபோய் ஒரு துணிப்பை நிறைய அள்ளிக்கொண்டேன். பஸ் அமரவிளை செக்போஸ்டில் நின்றது. ஏறி வந்த அதிகாரி என் மடியிலிருந்த பையைக் கையால் தூக்கிப் பார்த்தார். கனம் அவருக்குப் பிடிக்கவில்லை. கையிலிருந்த கம்பியை உள்ளே குத்தினார். கம்பி நேராக அடிவரை போயிற்று. வேறு கோணத்தில் குத்தினார். அதுவும் போயிற்று.

மலையாளத்தில் என்ன இது என்று கேட்டார். மணல் என்றேன். எதற்கு என்றார். மீனுக்கு என்றேன். மீன் எங்கே என்றார். வீட்டில் ஒரு சருவத்தில் இருக்கிறது என்றேன். முன்சீட்டில் இருந்த ஒரு அம்மா திரும்பி என்னை இரக்கத்தோடு பார்த்தார். உண்மையைச் சொல்லும்போது இவ்வளவு பொய்போல ஒலிக்கும் என்று நான் நினைத்ததில்லை.

அதிகாரி கொஞ்சம் மணலை உள்ளங்கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு அவர் முகம் மாறியது. "கடல்மண்ணு ஆரு இடச் சொன்னது?" என்றார். அவர் வீட்டிலும் தொட்டி இருந்தது. கடல்மணலில் சிப்பித் தூள் கலந்திருக்கும், அது தண்ணீரில் சுண்ணாம்பாக இறங்கும், ஏஞ்சலுக்கு அது ஆகாது என்று அவர் எனக்கு விளக்கத் தொடங்கினார். சந்தேகம் இருந்தால் வினிகர் விட்டுப் பார்க்க வேண்டும். நுரைத்தால் அந்த மணல் வேண்டாம். எந்த மணலாக இருந்தாலும் கழுவுகிற தண்ணீர் குடிக்கிற தண்ணீர்போலத் தெளியும் வரை கழுவ வேண்டும். பின்பக்கம் உயரமாகவும் முன்பக்கம் தாழ்வாகவும் சரித்துப் போட வேண்டும், அப்போதுதான் அழுக்கு முன்னால் வந்து சேரும். தண்ணீர் ஊற்றும்போது மணல்மேல் ஒரு தட்டை வைத்து அதன்மேல் ஊற்ற வேண்டும். டிரைவர் ஹாரன் அடித்தார். அதிகாரி திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். மொத்த பஸ்ஸும் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தது. இறங்கும்போது அந்த முன்சீட்டு அம்மா, "வினிகர் மறக்காண்டாம் மக்கா" என்றார்.

வீட்டுக்கு வந்து வினிகர் விட்டோம். மணல் சோடாபோலப் பொங்கியது. தென்னை மூட்டுக்குப் போயிற்று.

அந்த வாரம் ஆரியங்கோட்டில் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் ஒரு நண்பரிடம் இதைச் சொன்னேன். "சாரே, எங்க தோட்டத்து ஓடையில வெள்ள மணல் உண்டு. ஒரு சாக்கு கொடுத்துவிடுதேன், நிங்க நிம்மதியா இரிங்க" என்றார். நான் நிம்மதியாக இருந்தேன்.

கல்லறைத் திருநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒருநாள் மதியம் நான் பாறசாலையிலிருந்து திரும்பிவந்தபோது வாசலில் வாய் கட்டிய ஒரு சாக்கு சாய்ந்திருந்தது. மனைவி பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். யார் வைத்துவிட்டுப் போனார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அவிழ்த்துப் பார்த்தோம். அப்படி ஒரு வெள்ளை. கையில் எடுத்தால் சர்க்கரைபோல நழுவியது. ஒரு இலைத் துணுக்கோ கல்லோ இல்லை. வினிகர் விட்டோம். அது சும்மா கிடந்தது.

மனைவிக்குத்தான் சந்தேகம் வந்தது. இடவழிக்குள் வண்டி போகாததால் பின்வீட்டுக்கு வரும் கேஸ் சிலிண்டரோ சிமெண்டோ எதுவானாலும் எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போவது வழக்கம். "எதுக்கும் ஒண்ணு கேட்டுட்டு அவிழ்த்திருக்கலாம்" என்றாள். சரியான பேச்சு. செய்தியை உறுதிசெய்யாமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது என்பது நான் தினமும் கடைப்பிடிக்கிற விதி. உடனே ஆரியங்கோட்டு நண்பருக்கு போன் செய்து, மணல் கிடைத்தது, ரொம்ப நன்றி என்றேன்.

"ஓ, அதொக்க ஒரு காரியமா சாரே" என்றார் அவர். "போதாதெங்கில் சொல்லணும்."

உறுதியாகிவிட்டது. அதிகாரி சொன்னதுபோலக் கழுவினோம். முதல் வாளியிலேயே தண்ணீர் தெளிவாக வந்தது. "உங்க சிநேகிதன் கழுவியே அனுப்பியிருக்காரு" என்று மனைவி நெகிழ்ந்தாள். பின்பக்கம் உயர்த்தி, முன்பக்கம் தாழ்த்தி, தட்டை வைத்துத் தண்ணீர் ஊற்றினோம். ஒரு துளி கலங்கவில்லை. சாக்கின் பெரும்பகுதி தொட்டிக்கே போனது. மிஞ்சியதை அவள் வாசலிலிருந்த குரோட்டன்ஸ் தொட்டிகளுக்கு மேல் விரித்தாள். மீன்களை விட்டோம். கோடுகளாக இருந்தவை திரும்பி, விரிந்து, மீன்களாக ஆயின.

ஒரே ஒரு குறை. அவை கடையில் வாங்கும் மீன் இரையைத் தொடுவதில்லை. மச்சினன் வளர்த்த விதம் அப்படி. கூனியை, அதாவது காய்ந்த பொடி இறாலை, இடித்துத் தூவினால்தான் மேலே வரும். தூவியதில் பாதியைத் தின்னும், மீதி மெதுவாக மணலில் இறங்கும்.

இளையவர் தினமும் சாயங்காலம் செய்தி பார்க்க எங்கள் வீட்டுக்கு வருவார். அன்று டிவியைப் பார்க்கவில்லை. தொட்டிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இதுக்கு என்ன பேரு?"

"ஏஞ்சல்."

"எனக்க அம்மை இப்ப உயிரோட இருந்தா இந்த ஏஞ்சல் ரெண்டும் தொட்டியில கெடக்காது சாரே, சட்டியில கெடக்கும்" என்றார். சாளை மீன் வாங்காத நாளில் அந்த அம்மா சோற்றுக்கு முன்னால் உட்காரவே மாட்டார் என்று மைனியும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இளையவர் குனிந்து மணலைப் பார்த்தார். "கொள்ளாம். நல்ல வெள்ள. ஆனா நான் சொன்ன சேர்த்தலை மணல் வரட்டு, அதுக்க பக்கத்துல இதை வைக்க முடியாது."

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் அவர் வந்து அந்த மணலைப் பார்த்து, அதைவிட வெள்ளையான மணலுக்காகக் காத்திருந்தார்.

நவம்பர் முதல் தேதி காலை, லாரிக்காரர் வடக்கேயிருந்து திரும்பும் வழியில் குடைக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி, மணல் எப்படி என்று கேட்டிருக்கிறார். என்ன மணல் என்று இவர் கேட்டிருக்கிறார். சாரின் வாசலில் இறக்கி வைத்துப் பல நாள் ஆயிற்றே என்று அவர் சொல்லியிருக்கிறார்.

இளையவர் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்தார். வழக்கமாக வாசலிலேயே குரல் கொடுப்பவர் அன்று நேராக உள்ளே வந்து தொட்டிக்கு முன்னால் நின்றார். மீன்கள் இரை போட வந்திருக்கிறார் என்று நினைத்து அவரைப் பார்த்து வாயைத் திறந்தன.

"சாரே" என்றார், "எனக்க அம்மைக்க மணலாக்கும் இது."

எனக்கு விளங்கக் கொஞ்சநேரம் பிடித்தது. மனைவிக்கு உடனே விளங்கிவிட்டது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஆரியங்கோட்டுக்கு போன் செய்தேன்.

"அதுவா சாரே" என்றார் நண்பர். "நான் மறந்துபோச்சு. நிங்க அவ்வளவு சந்தோசமா நன்றி சொல்லும்போ, இல்லேண்ணு எப்பிடிச் சொல்லியது?"

நான் போனை வைத்தேன். இளையவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். அவர் கணக்காக, ஒவ்வொன்றாகச் சொன்னார். நாளைக்குச் சாயங்காலம் மந்திரிப்பு. சேர்த்தலைக்கு இனி ஆள் அனுப்ப முடியாது. அண்ணன் இன்று காலையிலேயே பூவார் மணலை விரித்துவிட்டார். இடது பக்கம் வெறும் செம்மண்ணாகக் கிடக்கிறது. "போன வருசமாவது ஆத்துமணல் இருந்து. இந்த வருசம் அம்மைக்க ஒரு பக்கத்துக்கு ஒண்ணும் இல்ல. ஊர் என்ன சொல்லும்? அண்ணன் என்ன நெனைப்பாரு?" கடைசிக் கேள்வியைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. ஊரைப் பற்றிய கவலை அதில் குறைவாகத்தான் இருந்தது.

என் மனைவி போய்ச் சருவத்தைக் கொண்டுவந்தாள். மீன்களை அதில் விட்டாள். மறுபடியும் இரண்டு கோடுகள்.

குழாய் வைத்துத் தண்ணீரை இறக்கி, மணலைத் தட்டால் கோரி வாளியில் எடுத்தோம். விஷயம் கேட்டு ஓடிவந்த மைனி குரோட்டன்ஸ் தொட்டிகளின் மேலிருந்ததை ஒரு கரண்டியால் வழித்து முறத்தில் போட்டார். இரண்டு வாரத்தில் மணல் பச்சை படிந்து, கூனிப்பொடி கலந்து, கிணற்றடியில் கொட்டியபோது வெள்ளை என்று யாரும் சொல்ல முடியாதபடி இருந்தது. நாலு பேரும் மாறிமாறிக் கழுவினோம். நிறம் மெல்லத் திரும்பி வந்தது. ஆனால் ஈரமணல் சாம்பலாகத் தெரியும், காய்ந்தால்தான் வெள்ளை. துலாமாசம், அதாவது ஐப்பசி, வானம் மூடிக் கிடந்தது. பாயில் விரித்ததும் தூறல் போட்டது. அள்ளினோம். தூறல் நின்றது. விரித்தோம். மறுபடியும் போட்டது.

"வறுப்போம்" என்றார் மைனி.

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். கடலை வறுப்பதற்கு மணலைச் சூடாக்குவது உண்டுதானே. மரச்சீனிக் கிழங்கு வறுக்கும் பெரிய இரும்புச் சட்டி பின்வீட்டிலிருந்து வந்தது. மூன்று கல்லை வைத்து, விறகைத் தள்ளி, மணலைக் கொட்டி மைனி கிளறினார். ஆவி போனது. மணல் வெளுத்தது. இளையவர் முகமும் அதனுடன் வெளுத்துத் தெளிந்தது. பிறகு வாசனை வந்தது.

கழுவும்போது அது தெரியவே இல்லை. சூடேறியதும் கூனியும் மீன் தொட்டியின் இரண்டு வார வாழ்க்கையும் சேர்ந்து, கருவாடு சுட்ட மணமாக எழுந்தன. முதல் பூனை மதில்மேல் வந்து உட்கார்ந்தது. அடுத்தது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ரோட்டில் போன ஒருவர் நின்று, "மைனி, இண்ணைக்கு என்ன மீனு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"மணம் போவும்" என்றார் மைனி.

"நாளைக்கு அச்சன் வருவாரு" என்றார் இளையவர்.

"அச்சன் மீன் தின்னமாட்டாரா?" என்றார் மைனி.

மறுநாள் காலையில் இளையவர் சாக்கைத் தோளில் வைத்துக்கொண்டு போய் இடது பாதியில் விரித்தார். மாலையில் நாங்களும் போனோம். நாங்கள் இந்துக்கள், எங்களுக்கு அங்கே கல்லறை இல்லை. ஆனாலும் அந்த மணலில் எங்கள் பங்கு இருந்தது. கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுதிரிகளும் வாடாமல்லியும் ஊதுபத்தியும். அந்த அம்மாவின் கல்லறை தூரத்திலேயே தெரிந்தது. பூவார் மணல் லேசான மஞ்சள். சேர்த்தலை மணல் வெளுவெளு என்று, மடித்து வைத்த புதுத்துணி மாதிரி. இளையவர் ஜெயித்துவிட்டார். நேராக ஒரு கோடு, அதற்கு இந்தப் பக்கம் அவர் வெற்றி.

அந்த வெற்றியின்மேல் ஒரு பூனை படுத்திருந்தது.

சரியாக இடது பாதியில், எல்லைக்கோட்டைத் தாண்டாமல், நாலு காலையும் நீட்டிப் படுத்து மணலை நக்கிக்கொண்டிருந்தது. மைனி முந்தானையால் விரட்டினார். அது எழுந்து ஒரு சுற்று சுற்றிவிட்டு அதே இடத்தில் வந்து படுத்தது. அச்சன் முன்வரிசைக் கல்லறைக்கு வந்துவிட்டார். சுற்றிலும் நின்றவர்கள் கண்ணைத் தாழ்த்தி, செபம் சொல்வதுபோல உதட்டை அசைத்துச் சிரிப்பை அடக்கினார்கள். இளையவர் குனிந்து பூனையைத் தூக்கினார். அது அவர் சட்டையில் நகத்தை ஊன்றி, மணலைப் பார்த்து முறையிட்டது. வலது பக்கம் நின்ற மூத்தவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். உயரமான, இறுகிய முகமுள்ள மனிதர். அவர் மெதுவாகக் குனிந்து, தம்பியின் பக்கத்திலிருந்து ஒரு சிட்டிகை மணலை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

இளையவர் பூனையை மார்போடு பிடித்தபடி அசையாமல் நின்றார். அவமானம் எந்த வடிவில் வரப்போகிறது என்று காத்திருப்பவரின் முகம்.

"எலே" என்றார் மூத்தவர். அத்தனை வருஷத்துக்குப் பிறகு தம்பியிடம் அவர் சொன்ன முதல் சொல் அது. "இது என்ன மணல்?"

"மீன் கெடந்த மணல்."

"என்ன மீன்?"

இளையவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "ஏஞ்சல்" என்றார்.

மூத்தவர் இன்னொரு தடவை முகர்ந்து பார்த்தார். விரலில் ஒட்டியிருந்ததை உதறவில்லை. "அம்மைக்க கையி இப்பிடித்தான் மணக்கும்" என்றார். "எத்தன தடவ சோப்பு போட்டாலும்."

"உண்டு" என்றார் இளையவர்.

"பள்ளிக்கூடம் விட்டு வந்தா தலையைத் தடவுவா. நமக்குத் தலையெல்லாம் சாள மணக்கும்."

"ஒனக்குத்தான் நெறைய தடவுவா" என்றார் இளையவர்.

மூத்தவர் இரண்டு கையாலும் இடது பக்கத்திலிருந்து மணலை அள்ளி வலது பக்கம் தூவினார். கோடு கலைந்தது. இளையவர் பூனையைக் கீழே விட்டார். அது கொஞ்சம் யோசித்துவிட்டு நடுவில் போய்ப் படுத்தது. அச்சன் வந்து, கல்லறையையும் அண்ணன் தம்பியையும் பூனையையும் பார்த்து, யாரிடமும் விளக்கம் கேட்காமல் எல்லோருக்கும் சேர்த்துத் தீர்த்தம் தெளித்தார்.

மீன்கள் தொட்டிக்குத் திரும்பின. அடியில் மணல் இல்லை, வெறும் கண்ணாடி. நாங்கள் அலைந்து ஓய்ந்திருந்தோம். அவை தங்கள் உருவத்தைப் பார்த்துப் பயப்படவும் இல்லை, பட்டினி கிடக்கவும் இல்லை. அந்த வெறும் தொட்டியில்தான், காற்றுக்குழாயின்மேல் வரிசையாக முட்டையிட்டன. மனைவி என்னைக் கூப்பிட்டு அதைக் காட்டினாள்.

அடுத்த வருஷம் அக்டோபரில் ஒருநாள் வாசலில் மறுபடியும் ஒரு சாக்கு இருந்தது. நான் அதைத் தொடவில்லை. கொஞ்சநேரத்தில் இடவழியிலிருந்து அண்ணனும் தம்பியும் சேர்ந்து வந்தார்கள். முன்னால் இளையவர்.

"சாரே, ஒங்களுக்காக்கும். ஆரையும் போன் விளிச்சு கேக்காண்டாம்."

நான் நன்றி சொன்னேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"நன்றி பின்ன சொல்லலாம். ரெண்டு வாரம் மீனுக்கு அடியில கெடக்கட்டு. திருநாளுக்கு முந்தின நாளு வந்து எடுத்துட்டுப் போறோம்."

"கூனிப்பொடி நல்லா தூவணும்" என்றார் பின்னால் நின்ற மூத்தவர்.

நாங்கள் அந்த வீட்டைக் காலிசெய்யும் வரை வருஷத்துக்கு ஒருமுறை அப்படித்தான் நடந்தது. மணல் முதலில் தொட்டிக்கு வரும், பிறகு வறுபட்டுக் கல்லறைக்குப் போகும், பூனைகள் கூடவே போகும். வெள்ளையாக இருக்க வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் அவ்வளவு அலைந்து தேடிய அந்த மணலை இப்போது நினைத்துப் பார்த்தால், அதன் நிறம் எனக்குச் சரியாக நினைவுக்கு வருவதில்லை, மணம்தான் வருகிறது.